14-ம் நாளை விடுங்கள்: குழந்தைக்காக வீட்டில் செய்யும் சோதனைகளில் எது உதவும்?

கேள்வி: எனக்கு 29 வயது, கணவருக்கு 33. 10 மாதங்களாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். மாதவிடாய் 33 முதல் 36 நாட்களுக்குள் வந்துவிடும். 14-ம் நாள்தான் முக்கியம் என்று படித்ததால், அதற்கு முன் ஒரு வாரம் உறவைத் தவிர்த்துவிட்டு அன்று மட்டும் சேர்கிறோம். தினமும் காலையில் உடல் வெப்பநிலையைக் குறித்து வைக்கிறேன். முட்டை வெளிவரும் நாளைச் சிறுநீரில் கண்டறியும் எல்எச் ஸ்ட்ரிப்பில் 11 முதல் 15-ம் நாள் வரை பார்த்தால் ஒருமுறைகூட பாசிட்டிவ் வரவில்லை. உறவுக்குப் பின் இடுப்புக்கு அடியில் தலையணை வைத்து அரை மணி நேரம் படுத்திருக்கிறேன். அன்றைய டென்ஷனில் சில மாதம் கணவரால் முடியாமல் போகிறது, ஊசி இல்லாத சிரிஞ்ச் வைத்து முயலலாமா? அவர் ஆன்லைனில் ஒரு சின்ன மைக்ரோஸ்கோப் வாங்கி விந்தணு அசைவதைப் பார்த்துவிட்டார், தனக்கு டெஸ்ட் தேவையில்லை என்கிறார். மாமியார் மலைவேம்புச் சாறு குடிக்கச் சொல்கிறார். எதைத் தொடர்வது, எதை விடுவது?

பதில்: நீங்கள் எழுதியதில் முதலில் கண்ணில் பட்டது அந்த 14-ம் நாள்தான். இவ்வளவு அக்கறையோடு நீங்கள் செய்யும் எல்லாமே ஒரு தவறான தேதியைச் சுற்றி நடக்கிறது.

மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 14-ம் நாள் கருமுட்டை வெளிவரும் என்பது 28 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவர்களின் கணக்கு. முட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிடாய் வர பெரும்பாலானவர்களுக்கு ஏறத்தாழ 14 நாட்கள் ஆகும், ஒன்றிரண்டு நாள் முன்பின் இருக்கலாம். சுழற்சி நீண்டால் நீள்வது பெரும்பாலும் அதற்கு முந்தைய பகுதிதான். அதனால் அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். உங்களுக்கு 33-லிருந்து 14 போனால் 19, 36-லிருந்து 14 போனால் 22, ஆக முட்டை வெளிவருவது 19-க்கும் 22-க்கும் இடையில். விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டைக்கோ 12 முதல் 24 மணி நேரம்தான். அப்படிப் பார்த்தால் உங்களுக்குச் சாதகமான நாட்கள் 14-ல் தொடங்கி 22 வரை போகின்றன, அதில் நீங்கள் தொட்டது தொடக்க ஓரத்தை மட்டும். ஒரு வாரம் 'சேமித்து' வைப்பதாலும் பயன் இல்லை. அந்த 9 நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேருங்கள், மனசு இருந்தால் தினமும்கூட, அது விந்தணுவைக் குறைத்துவிடும் என்ற பயம் வேண்டாம். 'இன்றைக்கு விட்டால் போச்சு' என்ற ஒற்றை நாள் இல்லாமல் போகும்போது, உங்கள் கணவருக்கு வரும் அந்தத் திணறலும் குறைய வாய்ப்பு அதிகம். அது மிகப் பொதுவான விஷயம், அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஸ்ட்ரிப் பாசிட்டிவ் ஆகாததற்கும் இதே காரணம் இருக்கலாம், நீங்கள் நிறுத்தும் நாளில்தான் உங்களுக்குத் தொடங்கவே வேண்டும். 15-ம் நாளிலிருந்து தினமும் பாருங்கள். சோதனைக் கோடு, பக்கத்தில் உள்ள கட்டுப்பாட்டுக் கோட்டின் அளவுக்கோ அதைவிடவோ அழுத்தமாக இருந்தால்தான் பாசிட்டிவ், மங்கலான கோட்டை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அதற்கு முன் இரண்டு மணி நேரம் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டாம். பாசிட்டிவ் வந்தால் பொதுவாக 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும், அன்றும் மறுநாளும் சேர்வது நல்லது. ஆனால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள சிலருக்கு எல்எச் ஹார்மோன் எப்போதுமே கூடுதலாக இருந்து பல நாட்கள் பாசிட்டிவ் காட்டிக்கொண்டே இருக்கலாம், அப்படி நடந்தால் ஸ்ட்ரிப்பை நம்பாமல், முட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே சரி. காசில்லாத இன்னொரு அடையாளம் உண்டு: வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, விரலில் இழுத்தால் நீளும்படி இருக்கும் நாட்கள். ஸ்ட்ரிப் வாங்காமல் இதை மட்டும் கவனித்தால்கூடப் போதும் என்று பலரிடம் சொல்வேன்.

வெப்பநிலைக் குறிப்பை விட்டுவிடலாம். அது உயர்வது முட்டை வெளிவந்த பிறகு, புரோஜெஸ்டிரோன் ஹார்மோனால், அதுவும் அரை டிகிரி செல்சியஸுக்குள். நீங்கள் அந்த ஏற்றத்தைப் பார்க்கும்போது முட்டையின் ஆயுள் அநேகமாக முடிந்திருக்கும். முட்டை வெளிவருகிறதா என்று இரண்டு மூன்று மாதம் பார்த்து உறுதி செய்யலாமே தவிர, நாள் குறிக்க உதவாது. தூக்கம் கெட்டாலும் லேசாகக் காய்ச்சல் இருந்தாலும் கணக்கு குழம்பிவிடும். தலையணையும் அப்படித்தான், விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பை வாய்க்குள் போய்விடும், அப்புறம் வெளியே வழிவது பெரும்பாலும் திரவம்தான். எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள். வறட்சிக்காக எச்சிலோ சாதாரண லூப்ரிகன்டோ பயன்படுத்துகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள், அவை விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கக்கூடும்.

சிரிஞ்ச் பற்றித் தயங்காமல் கேட்டது நல்லது. உறவு முடியாமல் போகும் நாட்களில், கல்யாணமாகி இன்னும் முழுமையாகச் சேர முடியாத தம்பதிகளுக்கும்கூட, இது பயன்படும். சுத்தமான, உலர்ந்த சின்னக் கப்பில் எடுக்க வேண்டும், சோப்பும் எண்ணெயும் ஆணுறையும் கூடாது. கெட்டியாக இருப்பது இளகும்வரை, ஏறக்குறைய 20 நிமிடம், அறை வெப்பத்தில் வையுங்கள். பிறகு புதிய, ஊசி இல்லாத சிரிஞ்சில் காற்றில்லாமல் எடுத்து யோனிக்குள் மெதுவாகச் செலுத்தலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழாய் வைத்துக் கருப்பை வாய்க்குள் செலுத்த ஒருபோதும் முயலாதீர்கள். கழுவாத விந்தில் உள்ள புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கருப்பைக்குள் போனால் கடுமையான தசைப்பிடிப்பு வலி வரலாம், கிருமித் தொற்றும் ஏற்படலாம். மருத்துவமனையில் ஐயுஐ, அதாவது கருப்பைக்குள் விந்தைச் செலுத்தும் சிகிச்சை, செய்யும்போது விந்தைக் கழுவிப் பிரித்த பிறகே உள்ளே செலுத்துவது அதனால்தான்.

இனி மைக்ரோஸ்கோப். கணவருக்கு ஆர்வம் இருப்பது நல்ல விஷயம், அதை லேப் வரை கொண்டுபோங்கள். அசைவதைப் பார்த்தால் விந்தணு இருக்கிறது என்று மட்டும் தெரியும். ஒரு மில்லி லிட்டருக்கு எத்தனை, அவற்றில் எத்தனை நேராக முன்னேறுகின்றன, வடிவம் எப்படி என்பதையெல்லாம் லேபில் முறையாக எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கீழ்வரம்புகள்: அளவு 1.4 மி.லி., மில்லி லிட்டருக்கு 1.6 கோடி விந்தணு, முன்னேறி ஓடுபவை 30 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். இதற்குக் கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. டெஸ்ட்டுக்கு முன் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும், வீட்டில் எடுத்தால் உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது. வலியில்லாத, செலவு குறைந்த இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டு மனைவியை மட்டும் ஸ்கேன் ஸ்கேனாக அலைய வைப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. ஜிம்மில் யாராவது சொல்லி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறாரா என்பதையும் கேளுங்கள், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடலாம். புகை, மது இருந்தால் இப்போதே விடட்டும், புதிய விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால் பலன் தெரிய மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

மலைவேம்பு வேண்டாம். அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களைச் சொல்கிறார்கள், அவற்றில் ஒன்று நச்சுத்தன்மை உள்ளது. கரு தங்கியிருக்கக்கூடிய உடலில் இப்படிச் சோதித்துப் பார்க்கக் கூடாது. அத்தையிடம், 'டாக்டர் மாத்திரை கொடுத்திருக்காங்க, இதோட வேற எதுவும் சாப்பிடக் கூடாதாம்' என்று என்னைக் காட்டிச் சொல்லிவிடுங்கள், மனஸ்தாபம் வராது. அந்த மாத்திரை ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், தினமும் ஒன்று, இன்றிலிருந்தே. சர்க்கரை நோயோ வலிப்புக்கு மருந்தோ இருந்தால் அளவு மாறும், கேட்டுவிட்டு எடுங்கள். முட்டை வளர என்று மெடிக்கலில் நீங்களாகவே குளோமிஃபீன், லெட்ரோசோல் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

ஒழுங்காகச் சேரும் தம்பதிகளில் 100-க்கு 80-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கும், மீதிப் பேரில் பாதிக்கு அடுத்த வருடத்தில். உங்கள் 10 மாதங்களில் பெரும்பாலானவற்றில் சரியான நாட்களைத் தவறவிட்டிருக்கிறீர்கள், அதனால் மனம் தளர வேண்டாம். கணவரின் டெஸ்ட்டை இந்த மாதமே எடுங்கள். சரியான நாட்களில் இன்னும் மூன்று மாதம் முயன்றும் ஆகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். கடுமையான மாதவிடாய் வலி, வயிற்றில் பழைய ஆபரேஷன், காசநோய் வந்த வரலாறு இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம், கருக்குழாய் அடைப்பைப் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே, முட்டை வெளிவந்ததா என்று பார்க்கும் புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையை வழக்கம்போல் 21-ம் நாள் எழுதிக் கொடுத்தால், உங்களுக்கு 33 முதல் 36 நாள் சுழற்சி என்பதைச் சொல்லுங்கள், மாதவிடாய் வர ஒரு வாரம் இருக்கும்போது, அதாவது 27-ம் நாளை ஒட்டி எடுத்தால்தான் அந்த ரிப்போர்ட் உங்களுக்குப் பொருந்தும்.