0.5-ஐ எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: அசினெட்டோபேக்டர் கிருமிமேல் கொலிஸ்டினையும் மெரோபெனெமையும் சேர்த்துச் செக்கர்போர்டு சோதனை (இரு மருந்தையும் பல செறிவுகளில் குழித் தட்டில் கலந்து பார்ப்பது) செய்கிறேன். ஒரே கிருமிக்கு ஒரு நாள் எஃப்.ஐ.சி. எண் (சேர்க்கையில் தேவைப்படும் அளவை ஒவ்வொரு மருந்துக்கும் அதன் தனி அளவால் வகுத்துக் கூட்டியது) 0.5, மறுநாள் 0.75. எங்கே தப்பு?
- எம்.எஸ்சி. மாணவி, மதுரை

பதில்: தப்பே செய்யாவிட்டாலும் இப்படி வரும். கொலிஸ்டினின் எம்.ஐ.சி. (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) தனியாக 2, சேர்க்கையில் 0.5. மெரோபெனெமுக்குத் தனியாக 32, சேர்க்கையில் 8. கால் கூட்டல் கால், 0.5. 0.5 அல்லது அதற்குக் கீழே என்றால், கூட்டு விளைவு (சேர்ந்தால் கூடுதல் பலம்) உண்டு என்று எழுதுவோம். மறுநாள் மெரோபெனெம் ஒரே ஒரு குழி தள்ளி 16-இல் நின்றால் 0.75, விளைவு இல்லை என்றாகிவிடும். குழிக்குக் குழி செறிவைப் பாதியாக்கும் இருமடங்கு நீர்ப்பில் ஒரு படி முன்பின் போவது இந்த முறையோடு பிறந்தது. அதனால் மூன்று முறை செய்து, மூன்றையும் எழுதுங்கள். நல்லதாக வந்ததை மட்டும் பொறுக்குகிறவர்களும் உண்டு!

இருந்தாலும் சிலவற்றைச் சரிபாருங்கள். 96 குழித் தட்டில் மருந்துக்கு 50 மைக்ரோலிட்டர் வீதம் ஊற்றி, கிருமிக் கலங்கல் 100 சேர்த்தால், மருந்தை வேண்டிய செறிவைப்போல் 4 மடங்காகக் கரைத்திருக்க வேண்டும். பலர் 2 மடங்கோடு நின்றுவிடுகிறார்கள். மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுகோலில் 0.5 உள்ள கலங்கலை 100 மடங்கு நீர்த்தால், குழியில் மி.லி.க்கு ஏறத்தாழ 5 லட்சம் கிருமி இருக்கும். கலங்கலைத் தயாரித்த அரை மணிக்குள் ஊற்றிவிடுங்கள். கொலிஸ்டின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். செறிவு குறைந்த குழிகளில்தான் இழப்பு அதிகம். செல் வளர்ப்புக்கென்று பதப்படுத்திய தட்டு வேண்டாம், சாதா பாலிஸ்டைரீன் போதும். ஒட்டாமலிருக்க என்று ட்வீன்-80 (சோப்பு போன்ற பொருள்) சேர்க்காதீர்கள், அதுவே கொலிஸ்டினுக்குக் கைகொடுத்து எம்.ஐ.சி.யை இறக்கிவிடும். மெரோபெனெமை அன்றன்றே கரையுங்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் 0.5 வந்தால் நோயாளிக்கும் பலன் உண்டா?
- வாசகர், திருச்சி

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. இஸ்ரேல், கிரீஸ், இத்தாலி மருத்துவமனைகளில் 406 பேரிடம் இதே ஜோடியைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு அசினெட்டோபேக்டர் தொற்று. கொலிஸ்டின் மட்டும் பெற்றவர்களைவிட, மெரோபெனெமும் சேர்த்துப் பெற்றவர்கள் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாகத் தேறவில்லை. தட்டில் மருந்தை ஒரே அளவில் வைத்துச் சோதிக்கிறோம். உடம்பில் ஏறி இறங்கும். நுரையீரலுக்குள் கொலிஸ்டின் போதிய அளவு போய்ச் சேருவதும் கஷ்டம்.

கேள்வி: அப்படியானால் எந்தச் சேர்க்கைக்குத்தான் சோதனை உதவும்?
- ஆய்வகப் பணியாளர், சென்னை

பதில்: என்.டி.எம். நொதி (மெரோபெனெம் போன்ற மருந்துகளைச் சிதைப்பது) உள்ள கிளெப்சியெல்லா கிருமிக்கு அஸ்ட்ரியோனமும் செஃப்டாசிடிம்-அவிபாக்டமும். அஸ்ட்ரியோனமை என்.டி.எம். சிதைக்காது, கூடவே இருக்கும் ஈ.எஸ்.பி.எல். போன்ற நொதிகள் சிதைக்கும். அவற்றை அவிபாக்டம் கட்டிப்போடுகிறது. இரண்டு டிஸ்க்கையும் (மருந்து தோய்த்த காகித வில்லைகள்) கிருமி பூசிய தட்டில் அருகருகே வைத்தால், இடைப்பட்ட ஓரத்தில் கிருமி வளராத வட்டம் புடைத்து நீளும். அது ஒரு அறிகுறி மட்டுமே, எம்.ஐ.சி. வேண்டுமென்றால் ப்ராத் (திரவ ஊடக) முறைக்குத்தான் போக வேண்டும்.