இங்கிலாந்தில் மேடேறிப் போகும் கால்வாயில் நாரோபோட் பயணம் எப்படி இருக்கும்? ஒரு நாள் போதுமா?

நாரோபோட் என்பது இங்கிலாந்துக் கால்வாய்களுக்கென்றே கட்டப்பட்ட ஒடுக்கமான நீளப் படகு. ஒரு நாள் தாராளமாகப் போதும். ஆனால் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்று போகாதீர்கள், உடம்பு வேலை நிறைய இருக்கிறது.

நாங்கள் போனது பர்மிங்ஹாமுக்குத் தெற்கே, வூஸ்டர்-பர்மிங்ஹாம் கால்வாயில் உள்ள டார்டபிக். படகை மேட்டில் ஏற்றிவிடும் 'லாக்' என்ற தொட்டிகளின் வரிசையில் பிரிட்டனிலேயே நீளமானது இதுதான். நான்கு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் 30 லாக்குகள். படகு மொத்தம் 67 மீட்டர் உயரம் ஏறுகிறது.

லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த தொட்டி. கீழ்க்கதவு வழியாகப் படகை உள்ளே விட்டுச் சாத்திவிட்டு, மேல்பக்க மதகைத் திறந்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் இறங்கும், படகு தானாக எழும்பும். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. மதகைத் தூக்க இரும்புக் கைப்பிடி ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அதைச் சுற்றச் சுற்ற பல்சக்கரம் டக் டக்கென்று சத்தம் போடும். இரண்டு பக்கமும் நீர்மட்டம் ஒன்றாகும்வரை நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் கதவு அசையாது. மட்டம் சரியானதும், நீண்ட மரத்தண்டில் முதுகைக் கொடுத்து ஒருவர் சாய்ந்தாலே போதும், மெல்ல விலகும். முதுகில் அந்த அசைவு தெரியும் நொடிக்காகவே இன்னொரு முறை போகலாம்.

மூன்று பேராவது இருந்தால் நல்லது. ஒருவர் சுக்கான் பிடிக்க, ஒருவர் அந்த லாக்கைப் பார்க்க, இன்னொருவர் முன்னால் நடந்துபோய் அடுத்ததைக் காலி செய்து வைக்கலாம். காலையில் கிளம்பினால் உச்சியைத் தொட மதியம் தாண்டிவிடும். ஏறுவதுதான் புதியவர்களுக்கு நல்லது என்பேன். இறங்கும்போது மேல்கதவின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு திட்டு இருக்கிறது. தண்ணீர் வடியும்போது படகின் பின்பக்கம் அதில் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் கவிழ்ந்து படகே மூழ்கிவிடும்.

உச்சிக்குப் பக்கத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது, பார்க்காமல் வராதீர்கள். எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் தன் 'கிரெஸ்ஸி' படகைக் கரையோரம் நிறுத்தி, 1941 முதல் 1946 வரை அதிலேயே வாழ்ந்த இடம் அது. ரயிலும் லாரியும் வந்தபின் கால்வாய்கள் ஒவ்வொன்றாகத் தூர்ந்துகொண்டிருந்த காலம். 1945இல் ராபர்ட் ஐக்மன் என்ற இன்னொரு எழுத்தாளர் அங்கே வந்து அவரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டே கால்வாய்களைக் காப்பதற்கான உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. அவர்கள் போராடியிருக்காவிட்டால் இன்று நாம் படகு விடும் கால்வாய்களில் பல மிஞ்சியே இருக்காது.

படகு வாடகை கட்டுப்படியாகாது என்றால், கரைப் பாதையில் நடந்தே ஏறலாம், காசே வேண்டாம். வழியில் இரண்டே பேர் வரும் படகைப் பார்த்தால் "கதவைத் தள்ளட்டுமா?" என்று கேளுங்கள், அநேகமாக வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.