சபை நிர்வாகம்: கேள்விகளும் மூப்பரின் (சபைத் தலைவர்களில் ஒருவரின்) பதில்களும்

கேள்வி: ஸ்தோத்திரம் ஐயா. காணிக்கை எண்ணுவதற்குச் சரியான முறை என்ன?

பதில்: ஸ்தோத்திரம் பிரதர். ஆராதனை முடிந்த கையோடு, பை சபைக் கட்டிடத்தைவிட்டு வெளியே போகும் முன்பே எண்ணிவிடுங்கள். உறவில்லாத இருவர் வேண்டும். கணவனும் மனைவியுமாக எண்ணினால் அது ஒருவர் கணக்குதான். முதலாமவர் எண்ணிய தொகையைக் கேட்காமல் இரண்டாமவர் மறுபடி எண்ணட்டும். நோட்டு வாரியாகச் சீட்டில் எழுதித் தேதி போட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு பிரதி பையோடு, மற்றது செயலாளரிடம். அடுத்த வேலைநாளில் முழுத்தொகையும் வங்கிக்குப் போகட்டும். எண்ணுவதிலும் கட்டுவதிலும் சேராத மூன்றாவது ஆள் மாதாமாதம் சீட்டுகளையும் வங்கிக் கணக்கையும் ஒத்துப்பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது எங்கே தெரியுமா? பையிலிருந்தே அன்றைய செலவுக்கு எடுத்துக் கொடுப்பதில்தான். அதன்பிறகு சீட்டும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகாது, குற்றமற்ற பொருளாளர்மேல் சந்தேகம் விழும். பணத்தோடு யாரையும் தனியே விடாதீர்கள். தர்மப்பணத்தை அப்போஸ்தலன் பவுலே தனியாகக் கையாளவில்லை. அவருடைய உடன் ஊழியர் தீத்துவோடு சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனும் போனார் (2 கொரிந்தியர் 8).

கேள்வி: மைக்கில் இரைச்சல் வருகிறது, என்ன செய்யலாம்?

பதில்: ஒலி அமைப்பு தெரிந்தவரிடம் கேளுங்கள் தம்பி. என் துறை அல்ல.

கேள்வி: எங்கள் பொருளாளர் மிகவும் உண்மையானவர். அவருக்குமா இரண்டாம் ஆள்?

பதில்: ஆம். நாளை பழி வந்தால் அவருக்காகச் சாட்சி சொல்ல ஒருவர் வேண்டுமே.

கேள்வி: யார் எவ்வளவு தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்கிறார்கள் என்று போதகருக்குத் தெரியலாமா?

பதில்: கூடாது. தெரிந்தால், பெரிய தொகை கொடுப்பவரைக் கண்டிக்க வாய் வராது. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம் கொடுப்பதைத்தான் யாக்கோபு 2 கண்டிக்கிறது.

மறுப்பு: ஆண்டவர் இயேசுவே காணிக்கைப் பெட்டிக்கு எதிராக உட்கார்ந்து பார்த்தாரே ஐயா? மாற்கு 12:41.

பதில்: பார்த்தவர் இருதயத்தை அறிந்தவர் பிரதர். ஐசுவரியவான்கள் போட்டதை விட்டுவிட்டு விதவையின் இரண்டு காசைத்தான் மெச்சினார். நம்மில் யாருக்கு அந்தக் கண் இருக்கிறது?

மறுப்பு: நானும் ஒரு போதகன்தான். கொடுக்காத ஒருவரை மூப்பராக வைத்துவிட்டால்?

பதில்: பொருளாளரிடம் "ஒழுங்காகக் கொடுக்கிறாரா?" என்று மட்டும் கேளுங்கள். ஆம், இல்லை என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லக்கூடாது.

மறுப்பு: வேலை போனதால் ஒரு குடும்பத்தின் காணிக்கை திடீரென்று நின்றிருக்கலாம். அது தெரியாமல் எப்படி மேய்ப்பது?

பதில்: நல்ல கேள்வி சிஸ்டர். இதில் நீங்கள் சொல்வது நியாயம். தொகையைச் சொல்லாமல் "அந்த வீட்டைச் சந்தியுங்கள்" என்று பொருளாளர் போதகரிடம் சொல்லலாம். போதகரும் அங்கே போய்ப் பணப்பேச்சை எடுக்கக்கூடாது. நலம் விசாரித்து ஜெபித்தால் தேவையை அவர்களே சொல்வார்கள்.

கேள்வி: புதியவர்கள் இரண்டு வாரத்தில் நின்றுவிடுகிறார்கள்.

பதில்: இரண்டு நாளுக்குள் போதகரல்லாத ஒருவர் அவர்களுக்குப் போன் செய்யட்டும். ஒரு மாதத்துக்குள் வீட்டு ஜெபக்குழுவில் சேர்த்துவிடுங்கள். பிரசங்கம் பிடித்து வந்தவருக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லையென்றால் தங்க மாட்டார். குழுவில் எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்குமேல் போனால் பிரியுங்கள், ஆனால் அடுத்த தலைவரைப் பழக்கிய பிறகு.

கேள்வி: காணிக்கைப் பையைப் போதகர் வீட்டில் வைத்து எண்ணலாமா?

பதில்: மறுபடியும் இதுவா? கூடாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மூப்பர்மேல் புகார் வந்தால்?

பதில்: இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதீர்கள் என்கிறது 1 தீமோத்தேயு 5:19. தனிப்பட்ட மனத்தாங்கல் என்றால் மத்தேயு 18-இன் வரிசை: முதலில் தனியே, பிறகு ஓரிருவரோடு, அதன்பின் சபை. ஆனால் பிள்ளைகளைத் தவறாகத் தொட்டதாகப் புகார் என்றால் இந்த வரிசையைப் பின்பற்றவே கூடாது. அன்றே காவல்துறைக்குப் போங்கள், அவரைப் பிள்ளைகள் பக்கமே விடாதீர்கள், சபைக்குள் விசாரித்து முடித்துவிடலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். ஞாயிறு பள்ளி வகுப்பிலும் பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கக்கூடாது. அங்கேயும் இருவர்.