மூன்று ஜைரோவில் இரண்டு பொய் சொன்னால்?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர்: ஆகாயப் படை ஹேங்கரில் ஸ்பேனர் பிடித்து ஓய்வுபெற்ற 'டெக்னீஷியன் தாத்தா'

வாசகி, சுவா சூ காங்: 2024ல் சிங்கப்பூரின் தெங்கா விமானத் தளத்தில் எஃப்-16 போர் விமானம் விழுந்ததே, அதில் ஒரு கருவி கெட்டால் இன்னொன்று காப்பாற்றும் என்பார்கள். பிறகு எப்படி விழுந்தது?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் அம்மா. எஃப்-16 தானாக நிலையாகப் பறக்கிற விமானமே இல்லை. சட்டென்று வளைந்து திரும்புவதற்காக வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். விமானி கட்டளை கொடுப்பார். விமானத்தைப் பிடித்து நிறுத்துவது கம்ப்யூட்டர். மூக்கு எந்த வேகத்தில் ஏறுகிறது, இறங்குகிறது என்று அதற்குச் சொல்வது 'பிட்ச் ரேட் ஜைரோ' என்ற உணர்கருவி. முதன்மை ஜைரோ மூன்று, மாற்று ஜைரோ ஒன்று. ஒன்று உளறினால் மற்றவை அதை ஓரங்கட்டிவிடும். அப்படி முன்பும் நடந்திருக்கிறது, விமானம் பத்திரமாக இறங்கியிருக்கிறது.

மே 8ஆம் தேதி புறப்படும்போது, முதன்மை ஜைரோக்களில் இரண்டு ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரி தவறான தகவல் கொடுத்தன. பஞ்சாயத்தில் இரண்டு பொய்ச்சாட்சிகள் ஒத்துப் பேசினால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் அந்த இரண்டையும் நம்பியது. சரியாகச் சொன்ன மூன்றாவதையும் மாற்று ஜைரோவையும் தள்ளிவிட்டது. விமானம் விமானியின் கைக்கு அடங்கவில்லை. அவர் குதித்துத் தப்பினார். விமானம் தளத்துக்குள்ளேயே விழுந்தது. எஃப்-16ல் இப்படி ஒரு கோளாறு தங்களிடம் வந்தது இதுவே முதல்முறை என்று தயாரிப்பாளரான லாக்ஹீட் மார்ட்டின் சொன்னதாகத் தற்காப்பு அமைச்சு அந்த மாதமே அறிவித்தது. இத்தனை வருடம் ஹேங்கரில் கிடந்த எனக்கே அதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

வாசகர், ஜூரோங்: குதிப்பதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு உயரம் வேண்டும்?

உயரமே வேண்டாம். எஃப்-16ன் இருக்கை, தரையில் நிற்கும் விமானத்திலிருந்துகூட ஆளைத் தூக்கி எறிந்து பாராசூட்டை விரிக்கும். முதுகெலும்பு வாங்குகிற உதை மட்டும் லேசானதல்ல.

வாசகர், ஈசூன்: குன்னூர் ஹெலிகாப்டர் விபத்துக்குக் காரணம் மேகம் என்றார்கள். பிறகு மனிதத் தவறு என்றும் செய்தி வந்தது. எது உண்மை?

இரண்டும் ஒரே சம்பவம்தான் தம்பி. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் கிளம்பிய எம்ஐ-17வி5, நஞ்சப்பசத்திரம் அருகே மலையில் மோதியது. இந்தியாவின் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். தப்பிய குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்தில் போய்விட்டார். இயந்திரக் கோளாறோ நாசவேலையோ கவனக்குறைவோ இல்லை, பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து திசை உணர்வு குழம்பியது என்றது விசாரணைக் குழு. 2024 இறுதியில் வந்த நாடாளுமன்றக் குழு அறிக்கை அதையே 'மனிதத் தவறு' என்ற கட்டத்துக்குள் போட்டது. எனக்கு அந்தக் கட்டம் பிடிக்கவில்லை. வெளியே எல்லாம் வெள்ளையாகிவிட்டால், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நேரே போகிறோம் என்று பொய் சத்தியம் செய்யும். மலை இடுக்கில் அதைக் கண்டுபிடித்துத் திருத்த எத்தனை நொடி கிடைக்கும்?

வாசகி, தேக்கா: தாம்பரத்திலிருந்து அந்தமான் போன விமானம் கடைசியில் கிடைத்ததா?

கிடைத்தது. போர்ட் பிளேருக்கு 29 பேரோடு போன அந்த ஏஎன்-32, 2016 ஜூலை 22 அன்று வங்கக் கடலில் மறைந்தது. சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஆளில்லா நீர்மூழ்கி ஒன்றை அனுப்பி, சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் பிடித்தது. 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். ஏழு வருடத்துக்கு மேல் அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன.

வாசகி, பொங்கோல்: மகனுக்கு ஆகாயப் படையில் தேசிய சேவை. பயமாக இருக்கிறது.

தேசிய சேவைக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பறப்பதே இல்லை அம்மா. ஹேங்கரில் போட்டால் ஒன்று கற்றுக்கொள்வார்: கருவிப் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய குழி இருக்கும். வேலை முடிந்தபின் ஒரு குழி காலியாக இருந்தால், அது கிடைக்கிறவரை விமானம் நகராது, சாப்பாடும் கிடையாது. வீட்டில் அவர் சாமான்களை அடுக்கிவைக்க ஆரம்பித்தால் ஆச்சரியப்படாதீர்கள்.