எலி கொண்டுபோட்ட நெல்லாக இருந்தால்?

பிளஸ் டூவில் பயாலஜியும் கணிதமும் எடுத்த பெண். நீட்டில் மார்க் போதவில்லை. திருநெல்வேலியில் கடை வைத்திருக்கும் அப்பா, அம்மா, கூடவே பெரிய மாமா என்று எல்லோரும், அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். மாமாவிடம் தீர்ப்பு தயாராக இருந்தது: ஒரு வருடம் ரிப்பீட்டர் பேட்ச், இல்லாவிட்டால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ். பெண்ணோ தொல்லியல் என்கிறாள். "மண்ணைத் தோண்டவா இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்றபோது அம்மாவுக்குக் குரல் கம்மியது.

தொல்லியலில் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். கீழடி, பழம்பெருமை என்று ஆரம்பிப்பாள் என நினைத்தேன். அவள் கேட்டது வேறு: "தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில், இறந்தவர்களைப் புதைத்த தாழியில் இருந்த நெல் 3,200 வருடம் பழையது என்கிறார்கள். பின்னாளில் எலி வளை தோண்டி உள்ளே கொண்டுபோட்ட நெல்லாக இருந்தால்?" மாமா சிரித்துவிட்டார்.

சிரிக்கிற கேள்வியா அது? தொல்லியல் ஓர் அறிவியலாக நிற்பதே இப்படிப்பட்ட கேள்விகளின் மேல்தான். 1960களில் லூயிஸ் பின்ஃபோர்டு என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் இதற்காகவே தன் துறையோடு மல்லுக்கு நின்றார். பானையைத் தோண்டி எடுத்து வரிசைப்படுத்தினால் போதாது, ஏன் அப்படி ஆனது என்று விளக்க வேண்டும், அந்த விளக்கம் தவறாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்க வேண்டும் என்றார். அப்புறம், பழைய எலும்புக் குவியல்களைப் புரிந்துகொள்ள, அலாஸ்காவுக்குப் போய், நூனமியூட் என்ற பழங்குடி வேட்டைக்காரர்கள் தின்று போட்ட எலும்புகள் எங்கெங்கே விழுகின்றன என்று உட்கார்ந்து கவனித்தார்.

எலிக் கேள்விக்கும் சோதனை உண்டு. பக்கத்தில் கிடந்த கரித்துண்டை விட்டுவிட்டு, நெல்லையே ரேடியோ கார்பன் ஆய்வுக்கு (மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயதைக் கணிக்கும் முறை) அனுப்ப வேண்டும். இன்றைய கருவிகளுக்குச் சில மில்லிகிராம் போதும். நேற்றைய எலி கொண்டுவந்த நெல் நேற்றைய தேதியைத்தான் காட்டும். சிவகளை நெல்லுக்கு அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் கொடுத்த தேதி கி.மு. 1155. ஆக, நேற்றைய எலி தப்பித்தது. ஆனால் அந்தத் தேதி நெல்லுக்கு மட்டும்தான். விதைத்து அறுத்ததா, காட்டில் பறித்ததா, இறந்தவருக்குப் படைத்ததா என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. அதைத் தனியாக நிறுவ வேண்டும்.

கல்வெட்டு, போட்டித் தேர்வு, ஆசிரியர் வேலை பற்றி நான் பேசவில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வழிதான். இந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது தொல்லியல் தாவரவியல். பழைய குடியிருப்புகளில் மிஞ்சிய விதை, உமி, கரி ஆகியவற்றைப் படிக்கும் துறை. அகழ்வுக்குழி மண்ணைத் தண்ணீரில் கரைப்பார்கள். கரிந்த விதைகள் மிதந்து வரும். அவற்றை மெல்லிய சல்லடையில் வடித்து, காயவைத்து, மைக்ராஸ்கோப்பின் கீழே பிரிப்பார்கள். நெல் காம்போடு ஒட்டியிருந்த அடிப்பகுதியைப் பார்த்தால் பாதி கதை தெரிந்துவிடும். தழும்பு வழவழப்பாக இருந்தால் தானாக உதிர்ந்த காட்டுநெல். பிய்த்தெடுத்தது போலக் கரடுமுரடாக இருந்தால் அறுத்து அடித்த பயிர்நெல்.

பெல்லாரி பக்கம் சங்கனகல்லு போன்ற புதிய கற்கால ஊர்களில் கொள்ளு, பச்சைப்பயறு, சிறுதானியம் எல்லாம் விளைந்தது இப்படித்தான் தெரியவந்தது. துருக்கிக் கிராமங்களில் கார்டன் ஹில்மன் என்பவர், தூற்றும்போது என்ன மிஞ்சுகிறது, சலிக்கும்போது எந்தக் களைவிதை தங்குகிறது என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து எழுதிவைத்தார். அந்த அறிவை வைத்துத்தான் ஒரு பழைய குப்பை களத்திலிருந்து வந்ததா, அடுப்படியிலிருந்து வந்ததா என்று இன்று சொல்கிறார்கள். களத்துமேடு பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் இதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. இன்னொன்று: தீயில் கருகியதுதான் பெரும்பாலும் மிஞ்சும், கீரை மிஞ்சாது. கீரை கிடைக்கவில்லை, அதனால் அவர்கள் கீரை தின்னவில்லை என்று எழுதுகிறவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை. எலியைச் சந்தேகப்பட்டவள் லாயக்கு.

முதலில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல். அதன்பின் இரண்டு பாதை. எம்.எஸ்சி. முடித்து, அறிவியல் ஆய்வுக்கான தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதி, லக்னோவில் உள்ள பீர்பல் சஹானி தொல்லறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் ஆய்வுக்குப் போகலாம். அல்லது புனே டெக்கான் கல்லூரியில் எம்.ஏ. தொல்லியல் படித்து, யு.ஜி.சி. நெட்டில் தொல்லியல் பாடம் எழுதலாம். இந்தத் தேர்வுகளில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். (பீர்பல் சஹானியே தாவரவியலாளர்தான். ரோத்தக் பக்கம் கிடைத்த பழங்கால நாணய அச்சுகளைப் பற்றியும் நூல் எழுதியவர்.)

நிரந்தர வேலை குறைவு. ஒப்பந்தத்தில் சில வருடம் ஓடும். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் கோடிங் பிடிக்காது என்று அவளே சொல்லும்போது, கடையை அடமானம் வைத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மாமாவிடம் ஒன்றுதான் கேட்டேன்: அந்தக் கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்து போடுவீர்களா? தண்ணீர் கேட்டார்.

மகளிடமும் அதே கண்டிப்புதான். லண்டனில் எம்.எஸ்சி. என்ற ஆசை உதவித்தொகை கிடைத்தால் மட்டும், கடனில் வேண்டாம். விண்ணப்பத்தில் தாவரவியலை முதல் விருப்பமாகப் போடச் சொன்னேன். முதல் வருடத்திலேயே தனியாகப் புள்ளியியலும் படிக்க வேண்டும். கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் ரேடியோ கார்பன் அளவுத்திருத்த வளைவு, அதாவது ஆய்வக அளவை நாட்காட்டி வருடமாக மாற்றும் வரைபடம், தட்டையாகக் கிடக்கிறது. அந்தக் காலத்துப் பொருளுக்கு ஒற்றை வருடம் கிடைக்காது, ஒரு நீண்ட இடைவெளிதான் கிடைக்கும். கீழடிக்குச் சொல்லப்படும் கி.மு. 580 அதற்குள்தான் விழுகிறது. அந்த இடைவெளியைக் கணக்குப் போடத் தெரியாமல் ஆய்வகத்துப் பக்கம் போகாதே என்றேன்.