ஆமைக்கு அனுமதிப்பத்திரம் கிடைக்குமா?

கேள்வி: மன்னாரில் இருக்கும் என் தம்பி, போன மாதம் வந்தபோது மகனுக்கு ஒரு நட்சத்திர ஆமைக் குட்டி கொண்டு வந்தான். மூன்றாம் மாடி பிளாட்டில் வளர்க்கிறோம். "பொலிஸ் பிடிக்கும்" என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். அனுமதிப்பத்திரம் எடுக்கலாமா? இல்லை, அத்திடிய பக்கம் சதுப்பில் விட்டுவிடவா? மகன் அழுவானே!
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அக்கா சும்மா பயமுறுத்தவில்லை, சகோதரி. நட்சத்திர ஆமை, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட இனம். பிடிப்பது, விற்பது மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். தம்பி ஆசையாகத் தந்தான் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. நாய்க்கு எடுப்பதுபோல ஒரு அனுமதிப்பத்திரம் எடுத்துச் செல்லமாக வளர்க்கவும் வழியில்லை.

ஒரு குட்டி ஆமைக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றும். முதுகில் இருக்கும் அந்த அழகான கோலம்தான் அதற்கு வினை. வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு விற்கவே காட்டிலிருந்து அள்ளிக் கடல் கடந்து கடத்துகிறார்கள். அதனால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை, 2019இல் இதை மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதலாம் பட்டியலுக்கு ஏற்றியது. அப்படிக் கேட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. அந்த முடிவை எடுத்த மாநாடே கொழும்பில்தான் நடக்க இருந்தது. ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு ஜெனீவாவுக்குப் போய்விட்டது.

சதுப்பில் விடும் யோசனையை இப்போதே கைவிடுங்கள். இது வரண்ட பற்றைக்காட்டு ஆமை, நீந்தாது. ஈரத்தில் கிடந்தால் மூக்கால் நீர் வடிந்து, மூச்சுத் திணறிச் செத்துவிடும். தம்பியிடம் கொடுத்து மன்னார்க் காட்டில் விடச் சொல்வதும் வேண்டாம்: வழியில் பிடிபட்டால் அவர் பாடு திண்டாட்டம். வீட்டில் தொற்றிய நோய் அங்குள்ள ஆமைகளுக்கும் போகலாம். பேஸ்புக்கில் "நல்ல வீடு தேடுகிறோம்" என்று படம் போடுவது இன்னும் மோசம்.

வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லி ஒப்படையுங்கள். வழக்கு வருமோ என்று பயமாக இருந்தால் முதலில் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் பேசுங்கள். ஆனால் இழுத்தடிக்க வேண்டாம். தானாகப் போய்க் கொடுப்பதும் யாரோ காட்டிக் கொடுத்துப் பிடிபடுவதும் ஒன்றல்ல.

மகனிடம் ஆமை ஓடிப்போய்விட்டது என்று கதை விடாதீர்கள். ஒப்படைக்கும்போது கூடவே நிற்கட்டும், அழுதால் அழட்டும். அதுவரை பாணும் பாற்சோறும் கொடுக்காமல் புல்லும் கீரையும் போடுங்கள். வழுக்கும் டைல்ஸ் தரையில் விடாமல், காலை வெயில் படும் பல்கனியில் ஒரு பெட்டிக்குள் வைத்து, பாதிக்கு நிழல் கொடுங்கள்.