துணிக் கைவேலைக்கு ஃப்ரீசர் பேப்பர்: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: குவில்டிங் (துணித் துண்டுகளை இணைத்து, அடுக்கடுக்காக வைத்துத் தைக்கும் வேலை) கற்றுக்கொண்டிருக்கிறேன். அப்ளிக் வேலைக்கு, அதாவது வெட்டிய துணி வடிவத்தை இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைப்பதற்கு, ஃப்ரீசர் பேப்பர் வேண்டும் என்கிறார்கள். வீட்டில் இருக்கும் மெழுகுத் தாளையோ பட்டர் பேப்பரையோ வைத்துச் சமாளிக்க முடியாதா?

பதில்: முடியாது. பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் சூடு பட்டால் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

ஃப்ரீசர் பேப்பர் என்பது இறைச்சியைச் சுற்றி ஃப்ரீசரில் வைப்பதற்காக வந்த தாள். ஒரு பக்கம் வெறும் காகிதம், மறுபக்கம் மெல்லிய பாலிஎதிலீன் பூச்சு. இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் அந்தப் பூச்சு இளகித் துணியைப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்து இழுத்தால் பிசுக்கு எதுவும் விடாமல் உரிந்து வரும். வடிவத்தைத் தாளில் வரைந்து வெட்டி, துணியில் ஒட்டி, அதைப் பார்த்துத் துணியை வெட்டலாம். துணி வேலைக்காரர்கள் இதைத் தேடி வாங்குவது இந்த ஒரு குணத்துக்காகத்தான்.

மெழுகுத் தாளில் இரண்டு பக்கமும் மெழுகு. பாரஃபின் மெழுகு சுமார் 50 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். பெட்டியின் சூட்டுத் திருகை மிகக் குறைந்த அளவான ஒரு புள்ளிக் குறியில் வைத்தாலே சூடு 110 டிகிரி வரை போகும். மெழுகு துணிக்குள் இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி நிற்கும், பெட்டியின் அடியும் பாழாகும். பேக்கிங்குக்கு விற்கும் பட்டர் பேப்பரில் பெரும்பாலும் சிலிக்கோன் பூச்சு. அதில் எதுவும் ஒட்டக் கூடாது என்பதற்காகவே பூசியிருக்கிறார்கள், அப்புறம் துணியில் எப்படி ஒட்டும்? புட்சர் பேப்பர் (இறைச்சிக் கடையில் சுற்றித் தரும் தாள்) என்று சொல்லித் தருவதிலும் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சு இருக்காது.

சந்தேகமாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். மங்கலான பக்கம் ஊற வேண்டும், பளபளப்பான பக்கத்தில் முத்தாக நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஊறவில்லை என்றால் அது வேறு தாள். நகத்தால் சுரண்டும்போது வெள்ளையாகப் பொடி வந்தால் மெழுகு.

கேள்வி: சமையலறைச் சாமான்களோடு விற்கும் சுருள் ஒன்று, கைவேலைக்கென்று ஏ4 அளவில் வெட்டிய தாள் ஒன்று. எதை வாங்குவது?

பதில்: பெரும்பாலானவர்களுக்குச் சுருளே போதும். கைவேலை என்று அட்டையில் அச்சடித்த உடனே விலை ஏறிவிடுவது எல்லாப் பொருளுக்கும் உள்ள வழக்கம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுருளின் மேல் பெரும்பாலும் சதுர அடியில்தான் அளவு போட்டிருப்பார்கள். 75 சதுர அடி, 18 அங்குல அகலம் என்றால் நீளம் 50 அடி. அதில் ஏ4 தாள் 100-க்கு மேல் வெட்டலாம். தாள் பாக்கெட்டில் எத்தனை இருக்கிறது என்று பார்த்து, ஒரு தாளுக்கு என்ன விலை விழுகிறது என்று இரண்டையும் ஒப்பிடுங்கள். அகலத்தையும் கவனியுங்கள். 18 அங்குலத்தில் இரண்டு ஏ4 பக்கம் பக்கமாக அடங்கும். 15 அங்குலச் சுருளில் அடங்காது, வெட்டியது போக நிறைய வீணாகும். பெரிய பூ, இலை வடிவங்களை ஒரே துண்டாக வெட்டவும் அகலமான சுருள்தான் வசதி.

தாள் பாக்கெட்டுக்கு ஒரே ஒரு நியாயம் உண்டு: பிரிண்டர். சுருளில் வெட்டிய தாள் சுருண்டுகொண்டே இருக்கும், பிரிண்டருக்குள் போய்ச் சிக்கும். அடிக்கடி அச்சடிப்பவர் தட்டையான தாளை வாங்குவதில் தவறில்லை.

கேள்வி: நான் வாங்கிய தாள் சரியாக ஒட்டவில்லை, ஓரம் தூக்கிக்கொள்கிறது. தரக் குறைவா?

பதில்: தாளைக் குறை சொல்வதற்கு முன் பெட்டியைப் பாருங்கள். ஆவி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், ஈரம் பட்டால் பிடிப்பு போய்விடும். பளபளப்பான பக்கம் துணியின் மேல் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் தாள் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும், அது தனி வேதனை. பருத்தித் துணிக்கு இரண்டு அல்லது மூன்று புள்ளி சூட்டில், கெட்டியான பரப்பின் மேல், சில நொடி அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம். மெத்தென்ற இஸ்திரி மேசையில் அழுத்தம் சரியாக விழாது. அடியில் ஒரு மரப்பலகையைப் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

சொரசொரப்பான துணியிலும் வெல்வெட் மாதிரி மயிர்த்துணியிலும் நல்ல தாள்கூடச் சரியாக ஒட்டாது. நைலான், பாலியெஸ்டர் என்றால் சூட்டைக் குறைத்து ஓரத்துண்டில் முதலில் பாருங்கள்.

இன்னொன்று: முதல் சூட்டில் இந்தத் தாள் லேசாகச் சுருங்கும். அளவு பிசகாத வேலை என்றால் தாளை வெறுமனே இஸ்திரி மேசையில் ஒட்டி, உரித்து, அதற்குப் பிறகு வடிவத்தை வரையுங்கள். துணியின் பின்பக்கம் ஒட்டப்போகிறீர்கள் என்றால் வடிவத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். எழுத்து வெட்டுபவர்கள் இதை மறந்தால் மொத்தமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி வந்து நிற்கும்.

கேள்வி: இதை ஒட்டித் துணியில் படம் அச்சடிக்கலாமா? என்னிடம் லேசர் பிரிண்டர் இருக்கிறது.

பதில்: லேசரில் வேண்டவே வேண்டாம். அது தூள் மையைச் சூட்டால் உருக்கித் தாளில் பதிக்கும் இயந்திரம். ஃப்ரீசர் பேப்பரின் பூச்சு அந்தச் சூட்டில் இளகி உள்ளே உருளையில் ஒட்டும். பழுது பார்க்கும் செலவை நினைத்தால் எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

இங்க்ஜெட்டில் செய்யலாம். துணியைத் தாளில் ஒட்டி, ஏ4 அளவுக்கு நறுக்கி, ஓரத்தில் தொங்கும் நூலையெல்லாம் வெட்டிவிட்டு, ஒவ்வொன்றாக விடுங்கள். மையைப் பற்றியும் கேட்டு வாங்குங்கள். பிக்மென்ட் மை (நுண்ணிய நிறத்தூள் கலந்த மை) தண்ணீரில் ஓரளவு நிற்கும். டை மை (சாயம் கரைந்த மை), முன்கூட்டியே மருந்து தோய்த்த துணி இல்லாவிட்டால், முதல் துவைப்பிலேயே பரவும். துவைக்கப் போகிற குவில்ட் என்றால் ஒரு சிறு துண்டில் அச்சடித்து அலசிப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

கேள்வி: டி-ஷர்ட்டில் பெயிண்ட் அடிக்க ஸ்டென்சிலாகப் பயன்படுமா?

பதில்: அருமையாகப் பயன்படும். துணியோடு ஒட்டி நிற்பதால் பெயிண்ட் அடியில் கசியாது. க, அ போன்ற எழுத்துகளில் நடுவே மூடிய இடம் இருக்கும், அந்தத் துண்டைத் தூக்கி எறியாமல் தனியாக ஒட்டுங்கள். பெயிண்ட் கெட்டியாக இருக்கட்டும், பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தட்டித் தட்டி வையுங்கள். காய்ந்ததும் தாளை உரித்துவிட்டு, பெயிண்ட் டப்பாவில் சொன்னபடி சூடு வையுங்கள். தாளோடு சேர்த்துச் சூடு வைத்தால் இன்னும் இறுகிவிடும்.

கேள்வி: ஃப்யூசிபிள் வெப் (சூட்டில் உருகி இரண்டு துணியை ஒட்டும் பசை வலை) இருக்கும்போது ஃப்ரீசர் பேப்பர் எதற்கு?

பதில்: அது நிரந்தரப் பசை, துணியிலேயே தங்கி அந்த இடத்தை விறைப்பாக்கும். இது வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடும். கையால் மடித்துத் தைப்பவர்களுக்கு இதுதான். தைக்க நேரமில்லை என்றால் அதை வாங்குங்கள்.

கேள்வி: ஒரு தாளை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

பதில்: ஒட்டும் வரைக்கும். ஒரே இலையைப் பல முறை வெட்ட ஒரே வடிவம் போதும். பூச்சில் நூல் பிசிறு படிந்து பிடிப்பு குறைந்ததும் மாற்றிவிடுங்கள். சுருளை ஈரமில்லாத இடத்தில், அட்டைப் பெட்டியோடு வையுங்கள்.